முகத்தில் ஆறாத சிவப்புப் பருக்கள்: காரணத்தைப் பிரித்தறிந்து மருந்து போடும் முறை

மூன்று மாதமாகப் போகாத பரு என்றால், பார்மசியில் வாங்கிய ஒரு கிரீம், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு கிரீம், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஒரு சவர்க்காரம் என மூன்றும் ஏற்கெனவே முகத்தில் ஏறியிருக்கும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். பருவைப் போலத் தோன்றுவது குறைந்தது ஐந்தாறு வகை. ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றொன்றைக் கிளப்பிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்து பின்னால்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோலில் எடுத்தவை. நம் தோலில் அந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். "சிவக்கவில்லையே" என்று ஒதுக்காமல், மேடு, அரிப்பு, எரிச்சல், இடம் ஆகிய நான்கையும் பாருங்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் பையில், கடந்த மூன்று மாதத்தில் முகத்திலும் தலையிலும் போட்ட எல்லாவற்றையும் போடுங்கள்: கிரீம், சவர்க்காரம், தலை எண்ணெய், ஹேர் டை, பவுடர், ஸ்டிக்கர் பொட்டு அட்டை. தின்ற மாத்திரை, ஜாமு எனும் மலாய் மூலிகை மருந்து, ஜிம் பவுடரும் அதே பையில். பின்னால் கிளினிக் போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் பைதான் பதில்.

கைபேசியில் முகத்தின் முன்புறம், இரு பக்கங்கள் என மூன்று படம் எடுங்கள். காலையில், முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் நின்று. பிறகு வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில். மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

2. எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

இரண்டு வாரத்துக்கு வாசனையில்லாத மென்மையான முகக் கழுவி ஒன்று, வாசனையில்லாத லேசான மாய்ஸ்சரைசர் ஒன்று. அவ்வளவுதான். காலையும் மாலையும் விரல் நுனியால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். நார், உப்பு, சர்க்கரை, எலுமிச்சை, பற்பசை எதுவும் முகத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்புளித்துக் கருத்துப் போகும். அந்தக் கருப்பு பருவைவிட நீண்ட நாள் நிற்கும்.

தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் இதில் சேரும். இதைச் சொன்னால் வீட்டில் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இரவு வைத்த எண்ணெய் தலையணை உறையில் ஊறி நெற்றிக்கும் கன்னத்துக்கும் வருகிறது. முடியோரத்தில் வரிசையாகப் பரு இருந்தால் எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விட முடியாதவர்கள் குளிக்கும் முன் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள்.

நிறுத்தக் கூடாதது ஒன்று உண்டு: டாக்டர் எழுதிக் கொடுத்து உட்கொள்ளும் மருந்துகள். வலிப்பு, காசநோய் மருந்துகள் சிலவற்றால் பரு வரும் என்பது உண்மை. அதற்காக நீங்களாக விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வெள்ளையாக்கும் கிரீமையோ ஜாமு மாத்திரையையோ நீண்ட நாள் எடுத்தவர்கள், விடும் முன் 3, 5-இ பகுதிகளைப் படியுங்கள்.

3. வெள்ளையாக்கும் கிரீமைச் சோதியுங்கள்

மலேசிய எஸ்டேட் டவுன்களில் ஆறாத பருவுக்குப் பின்னால் இந்தச் சின்ன டப்பா இருப்பது சாதாரணம். சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் பெஸ்தாரி ஜெயாவில் இருந்தாலும் கதை ஒன்றே. போட்ட வாரத்தில் முகம் பளபளக்கும், பரு அடங்கும், எல்லோரும் கேட்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வாயைச் சுற்றியும் கன்னத்திலும் பொடிப்பொடியாகச் சிவப்பு மேடுகள் வரும். ஒருநாள் போடாவிட்டால் எரியும்.

காரணம், அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தை அமுக்கும் மருந்து. பீட்டாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பாதரசம் ஆகியவை கலந்த அழகுசாதனப் பொருள்களின் அறிவிப்பை, அதாவது விற்பனைக்கான பதிவை, என்பிஆர்ஏ எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தொடர்ந்து ரத்து செய்து வருகிறது. இவை எதையும் லேபிளில் எழுத மாட்டார்கள்.

சோதிக்கும் முறை: டப்பாவில் உற்பத்தியாளர் முகவரியும் அறிவிப்பு எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். அழகுசாதனப் பொருளின் எண் என்ஓடி என்று தொடங்கும், பின் ஒன்பது இலக்கம், கடைசியில் கே. மருந்தாக இருந்தால் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஃபார்மாடேக் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்தின் தேடல் பெட்டியில் போட்டு, வரும் பெயர் உங்கள் கையில் உள்ள பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. வேறொரு பொருளின் எண்ணை ஒட்டுவதும் நடக்கிறது.

எண் இல்லை என்றால் கிரீமைத் தொடாதீர்கள் (மாதக்கணக்கில் போட்டவர் முதலில் 5-இ பகுதியைப் பாருங்கள்), குப்பையிலும் எறியாதீர்கள். பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டு போங்கள். பாதரசம் கலந்ததாகச் சந்தேகம் இருந்தால் அதைச் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், ஏனென்றால் பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். அம்மாவின் கன்னத்தில் இருப்பது அவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் போகும்.

மூட்டுவலிக்கென்று விற்கும் பதிவில்லாத ஜாமு மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு, முதுகு, முகம் மூன்றிலும் ஒரே அளவில் பரு கிளம்பி, கன்னம் உருண்டையாக ஊதினால் இதை நினையுங்கள். ஆனால் இந்த மாத்திரையைச் சட்டென்று விடக் கூடாது. பல வாரம் தின்றவர் திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். டாக்டரைப் பார்த்து, அவர் சொல்படிதான் குறைக்க வேண்டும்.

4. கண்ணாடி முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: பிளாக்ஹெட், வைட்ஹெட் இருக்கிறதா? தாடையிலும் கன்னத்திலும் தோலை இரு விரலால் லேசாக இழுத்துப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். இழுத்த தோலில் அடைபட்ட துவாரங்கள் கடுகைவிடச் சின்னதாய், வெளுத்த புள்ளிகளாகத் தெரியும். அவை இருந்தால் சாதாரண முகப்பரு. ஒன்றுகூட இல்லையென்றால் வேறு ஏதோ.

இரண்டாவது: அரிக்கிறதா, எரிகிறதா, அழுத்தினால் வலிக்கிறதா? முகப்பரு வலிக்கும், பெரிதாக அரிக்காது. அரிப்பு என்றால் பூஞ்சை அல்லது ஒவ்வாமை. எரிச்சல் என்றால் ரோசேசியா எனும் முகம் சிவக்கும் நோய் அல்லது ஸ்டீராய்டு கெடுத்த தோல்.

மூன்றாவது: எந்த இடம்? எல்லா மேடும் ஒரே அளவா, சின்னதும் பெரிதுமாகக் கலந்தா? இதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

5. உங்களுடையது எது, அதற்கு என்ன செய்வது

அ. சாதாரண முகப்பரு

அடைபட்ட துவாரமும், சின்னதும் பெரிதுமான கட்டிகளும் கலந்திருக்கும். பார்மசியில் பென்சாயில் பெராக்சைடு 2.5% கேளுங்கள், கிடைக்காவிட்டால் 5%. 10% வேண்டாம். எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் கழுவிக் காய்ந்தபின், பச்சைப்பட்டாணி அளவு எடுத்துப் பரு வரும் பகுதி முழுக்கப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். தோல் தாங்கினால் மெல்ல இரவு முழுக்க விடலாம். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது பரவலான தவறு. நாளை வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக இருக்கிறது. மருந்து அங்கேயும் போக வேண்டும். துணியை வெளுக்கும் மருந்து இது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை பயன்படுத்துங்கள்.

நான்கைந்து வாரத்தில் போதிய மாற்றம் இல்லையென்றால், இரவுக்கு அடாபலின் 0.1% சேர்ப்பது பற்றி டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேளுங்கள். முதல் சில வாரம் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடியது போலவும் தெரியும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு, அதன் மேல் அடாபலினை வாரம் மூன்று இரவு மட்டும் போட்டால் இந்தக் கட்டத்தைத் தாண்டலாம். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பமாக இருப்பவரும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரும் அடாபலினைத் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் பொருந்தும்.

மாதவிலக்கு தவறி வருவதோடு, தாடையோரப் பருவும் மோவாயில் முடியும் சேர்ந்திருந்தால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். முகத்துக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, கிளினிக் போங்கள்.

"உடம்புச் சூடு" பற்றி: டுரியான் தின்றதால் பரு வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இனிப்புப் பானங்கள், பால், வே புரோட்டின் பவுடர் ஆகியவற்றுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. நாளுக்கு நான்கு கிளாஸ் தே தாரிக் குடிப்பவர் இரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் பத்தியம் தேவையில்லை.

ஆ. பூஞ்சைப் பரு

நெற்றி, முடியோரம், மேல்முதுகு, நெஞ்சு. எல்லாம் ஒரே அளவு, ஒன்று இரண்டு மில்லிமீட்டர், அரிக்கும். அடைபட்ட துவாரம் இருக்காது. தோலில் இயல்பாகவே வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட் முடித்துளைக்குள் பெருகுவதால் வருவது இது. வியர்வையும் எண்ணெயும் அதற்குத் தீனி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், ஹெல்மெட்டோடு மோட்டார் ஓட்டுபவர், ஜிம் போகும் பையன்கள் ஆகியோரிடம் அதிகம்.

இதை முகப்பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் தின்றால் மோசமாகும். ஈஸ்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பாக்டீரியாவும் அதில் சாவதுதான் காரணம். "மாத்திரை தின்றும் கூடிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை நுரைத்து நெற்றியிலும் முதுகிலும் பூசி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். கண்ணில் படக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு வாரம். அடங்கியபின் வாரம் ஒருமுறை தொடருங்கள், விட்டால் திரும்பி வரும். அடங்காவிட்டால் டாக்டர் இட்ராகோனசோல் மாத்திரை தருவார். கீட்டோகோனசோலை மாத்திரையாக யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது கல்லீரலைக் கெடுக்கும்.

இ. வாயைச் சுற்றிய பொடிப் பருக்கள்

வாய், மூக்கோரம், சில சமயம் கண்ணோரம் பொடி மேடுகள் கூட்டமாக இருக்கும். அடையாளம் இதுதான்: உதட்டை ஒட்டி சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் சுத்தமாக இருக்கும், அதற்கு வெளியேதான் பரு. பெரும்பாலும் ஸ்டீராய்டு கிரீமின் வேலை.

சிகிச்சையின் முதல் படி அந்தக் கிரீமை நிறுத்துவது. சில நாளில் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து, வீங்கி, எரியும். இரண்டு மூன்று வாரம், நீண்ட நாள் போட்டவருக்கு அதற்கும் மேல். இதைத் தெரியாதவர் பயந்து மறுபடி அதே கிரீமைப் போடுவார், இரண்டு நாளில் அடங்கும், "இதுதான் ஒத்துக்கொள்கிறது" என்று முடிவு செய்வார். இப்படியே வருடக்கணக்கில் ஓடும். ஆகவே நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணம், தீபாவளி, பரீட்சைக்கு முந்தின வாரம் வேண்டாம்.

எரிச்சலுக்குக் குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். முகம் முழுக்க மாதக்கணக்கில் போட்டவர் நிறுத்தும் முன்பே டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு வலு குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாக விடச் செய்வார்கள். மெட்ரோனிடசோல் ஜெல், தேவையானால் டாக்ஸிசைக்ளின் எனும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தருவார்கள். அடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம்.

ஈ. ரோசேசியா

முப்பது வயதுக்கு மேல், கன்னத்தின் நடுப்பகுதியிலும் மூக்கிலும் பரு, அடைப்பு இல்லை, வெயிலிலும் அடுப்படியிலும் முகம் குப்பென்று சூடாகி எரியும். கருத்த தோலில் இது தவறவிடப்படுகிறது. சிவப்பு தெரியாததால் முகப்பரு என்றே மருந்து எழுதப்படும். மெட்ரோனிடசோல் 0.75%, அசெலாயிக் ஆசிட் 15%, ஐவர்மெக்டின் 1% கிரீம் இவற்றில் ஒன்றை டாக்டர் தருவார். வெயில், சூடான பானம், காரம், மது என எது கிளப்புகிறது என்று இரண்டு வாரம் குறித்து, அதை மட்டும் குறையுங்கள். எல்லாவற்றையும் விடச் சொல்வது யாராலும் கடைப்பிடிக்க முடியாத அறிவுரை. கண் சிவந்து உறுத்தினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

உ. சவரமும் த்ரெடிங்கும்

தாடைக்குக் கீழே, கழுத்தில் மட்டும் மேடுகள் என்றால் சுருண்ட முடி தோலுக்குள் திரும்பிக் குத்துகிறது. நான்கு வாரம் சவரத்தை நிறுத்துங்கள். பிறகு டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், முடி வளரும் போக்கிலேயே. த்ரெடிங் செய்த இரண்டு நாளில் மேலுதட்டில் பொடிப்பரு வருபவர்கள், செய்யும் முன் முகம் கழுவி, செய்தபின் கை வைக்காமலும் எண்ணெய்க் கிரீம் தடவாமலும் இருந்தாலே பெரும்பாலும் போதும்.

ஊ. ஒவ்வாமை

அரிப்புதான் தலைமை. இடமே காரணத்தைச் சொல்லும்: இரு புருவத்துக்கு நடுவில் வட்டமாக இருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை, முடியோரத்திலும் காதிலும் என்றால் ஹேர் டை. பொருளை விட்டால் ஓரிரு வாரத்தில் ஆறும். ஹேர் டையில் ஒருமுறை இப்படி ஆனவர் மறுபடி போட்டால் முகமே வீங்கும்.

இரவில் விளக்கைத் தேடி வரும் சார்லி எனும் சிறு வண்டு நசுங்கினால், மறுநாள் கோடு இழுத்தது போல எரிபுண் வரும். அது பரு இல்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். உடம்பில் ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள்.

6. வேலையிடத்தைப் பாருங்கள்

விடுமுறையில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிறதா? அப்படியானால் தோட்டத்தில் தேடுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டாலும், மற்றக் களைக்கொல்லிகளும் உரத்தூசியும் தோலை எரிக்கும். மருந்து அடிப்பவர்களுக்கு முகமூடியின் ஓரம் படும் இடத்தில், அதாவது மூக்குத்தண்டிலும் கன்னத்திலும், வரிசையாகக் கிளம்பும். மருந்து பட்ட கையுறையாலேயே வியர்வையைத் துடைப்பதும் ஒரு காரணம். கழுத்தில் தனியாக ஒரு சுத்தத் துணி, இடைவேளையில் முதலில் கையும் பிறகு முகமும் கழுவுதல், முகமூடியைத் தினமும் துடைத்துக் காயவைத்தல்.

அடித்த மருந்தின் பெயரைக் கலனிலிருந்து படம் எடுத்து டாக்டரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். தொழிலால் வரும் தோல் நோய் பெர்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இழப்பீட்டுக்கு உரியது, பதிவில்லாமல் கேட்க முடியாது.

ஹெல்மெட்டின் உள் பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவையுங்கள். நாடி வார் உரசும் இடத்தில் மட்டும் பரு என்றால் வாரில் பருத்தித் துணி சுற்றினால் போதும்.

7. கிளினிக் போக வேண்டியது எப்போது, என்ன கேட்பது

எட்டு வாரம் முறையாகச் செய்தும் குறையவில்லை, அல்லது ஆழமான கட்டிகள் வந்து குழி விழுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே அடங்காதது என்றால் தோல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சுங்கை சிப்புட் பக்கத்தவருக்கு ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை. 

டாக்ஸிசைக்ளின் தந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காதீர்கள், தொண்டைக் குழாயில் புண் வரும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். வெயில் சட்டென்று சுடும், ஆகவே வெளிவேலை செய்பவர் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கடுமையான பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எழுதினால் பெண்கள் மருந்து முடிந்து ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது, கருவை உருக்குலைக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் இதைத் தரும் இடத்தில் வாங்காதீர்கள்.

அன்றே போக வேண்டியவை: மூக்கு, மேலுதட்டைச் சுற்றி வலியோடு வீங்கிக் காய்ச்சல் அடிப்பது, நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் நீர்க் கொப்புளங்கள், கண் வலி. அடுத்த சில நாளுக்குள்: கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற சிவப்போடு மூட்டுவலியும் முடி கொட்டுதலும்; காது மடலில் கட்டிகள் அல்லது தொட்டால் உணர்ச்சியில்லாத திட்டு. முன்னது, எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூப்பஸாக இருக்கலாம், பின்னது தொழுநோயாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, தாமதம்தான் கெடுக்கும்.

8. பரு போனபின் நிற்கும் கருப்பு

நம் தோலில் பரு ஆறிய இடம் கருத்து மாதக்கணக்கில் நிற்கும். இதைப் பரு என்று நினைத்து மருந்தைக் கூட்டுவதும், கருப்பைப் போக்க மறுபடி பாசார் மாலாம் போவதும்தான் பலரைத் திரும்ப முதல் படிக்குத் தள்ளுகிறது. விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் பரு, தட்டாவிட்டால் தழும்பு.

தழும்புக்குக் காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். வியர்த்து வழிந்தால் மதியம் மறுபடி. அசெலாயிக் ஆசிட் பருவையும் கருப்பையும் சேர்த்துக் குறைக்கும். பரு அடங்கியதும் அடாபலினை நிறுத்திவிடாமல், வாரம் இரண்டு மூன்று இரவாகக் குறைத்துத் தொடருங்கள். கிள்ளிய பருவின் கருப்புதான் கடைசியில் போகும், நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள்.